மூன்றாவது கியரில் ஆடும் கோடு

...சரி, வேறு ஆளே கிடைக்கவில்லை என்றாலும் பெண்டாட்டியையா பிடித்து இந்த வேலைக்கு உட்கார வைப்பார் ஒரு மனுஷன், மடியில் லேப்டாப், அதிலிருந்து ஒரு ஒயர் டேஷ்போர்டுக்கு அடியில் எங்கேயோ போய்ச் சொருகியிருக்கிறது, கால் நீட்ட இடமில்லை, பெல்ட்டாவது சாதாரண பெல்ட்டா என்றால் அதுவும் இல்லை, இரண்டு தோளிலும் இறங்கி நடு வயிற்றில் வந்து பூட்டிக்கொள்கிறது, சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தால் என்ன கதி ஆகியிருக்கும்... லோகப்பிரியா பெல்ட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்துக்கொண்டாள். எப்போதும் இந்த சீட்டில் உட்காருகிறவர் நசுருதீன் பாய், உக்கடத்தில் ஏசி மெக்கானிக், அவள் புருஷன் செங்கோடனுக்குப் பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர். இன்றைக்குப் பாயின் தங்கை மகளுக்கு நிக்காஹ். கல்யாண மண்டபத்திலிருந்தே கையைப் பிடித்து இழுத்து வந்திருப்பார் இந்த மனுஷன், ஏதோ கொஞ்சம் வெட்கம் மிச்சமிருந்திருக்கிறது. காலையில் இட்லித் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சட்னியைத் தொடாமலே உட்கார்ந்திருந்தார், என்னங்க என்றதற்கு, “சித்த நேரம் என்ற கூட வாரயா அம்மணி” என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இந்தக் காருக்காக அவளிடம் ஒரு துணி எடுத்துக் கொடு என்றுகூடக் கேட்டதில்லை. அதனால்தான் மறுபேச்சு பேசாமல் மகள் தேஜாவை எதிர்வீட்டில் விட்டுவிட்டுக் கிளம்பி வந்திருந்தாள்.

“நான் மிதிக்கறப்ப நீ ரோட்டைப் பாக்காதே. ஸ்கிரீன்ல அந்தப் பச்சைக் கோட்டை மட்டும் பாரு. மேல ஏறி எட்டுல அப்படியே நிக்கோணும். ஆடுச்சுன்னா சொல்லு.”

“ஆடுனா என்னங்க பண்றது?”

“ஒண்ணும் பண்ண வேண்டாம். சொன்னாப் போதும்.”

சிந்தாமணிப்புதூர் தாண்டி பைபாஸில் ஏறியாயிற்று, ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்காய் லாரி ஒன்று முன்னால் போய் மறைந்துவிட்டது, ரோடு காலி. மூன்றாவது கியரில் போட்டு மெதுவாகவே விட்டுக்கொண்டிருந்தவர், மிதிக்கறேன் என்றார், மிதித்தார், அம்மாடி... முதுகை யாரோ சீட்டோடு வைத்து அழுத்தினார்கள், முன்னாலிருந்து ஒரு விசில், பிரஷர் குக்கர் விசில் இல்லை, அதற்கு ஒரு நிமிஷம் முன்னால் குக்கர் உள்ளுக்குள் முனகுமே அந்த மாதிரி, மேலே மேலே ஏறுகிற விசில். கோடு ஏறியது, ஏழு, எட்டு, அங்கே நிற்க வேண்டியது நிற்காமல் பத்துக்குப் போய், விழுந்து ஆறுக்கு வந்து, மறுபடி பத்து, மறுபடி ஆறு, அதே தாளத்தில் கழுத்தும் முன்னாலும் பின்னாலும் போய் வந்தது. ஆடுதுங்க, ஆடுதுங்க என்று கத்தினாள். தெரியுது கண்ணு என்று காலை எடுத்துவிட்டார். கண்ணு என்று அவளையா சொன்னார் வண்டியையா என்று கேட்டுக்கொண்டாள். வண்டியோடு அவர் பேசுவது ஊரறிந்த விஷயம், ஆத்தா, சாமி, தங்கம், எல்லாம் அதற்குத்தான், அவளுக்கு எப்போதும் அம்மணி ஒன்றுதான்.

அது என்ன எட்டு என்று இன்றைக்கு யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை, ஆனால் தெரிந்திருந்தது. எப்போதோ அவள் தோசை ஊற்றிக்கொண்டிருந்தபோது அடுப்படி நிலையில் சாய்ந்துகொண்டு சொன்னது. எஞ்சினிலிருந்து வெளியே போகிற புகை ஒரு சின்னச் சக்கரத்தைச் சுற்றிவிடும், நம்ம பம்ப்பு இம்பெல்லர் மாதிரியேதான் அம்மணி, உள்ளங்கையில அடங்கும், அது சுத்தற சுத்துக்குப் புதுக் காத்தை அமுக்கி எஞ்சினுக்குள்ள தள்ளும், எச்சாத் தள்ளினா எஞ்சின் வெடிச்சுப்போடும், அதனால புகை வழியில ஒரு சின்னக் கதவு, அமுக்கம் எட்டு வந்தவுடனே கதவு தொறந்து மிச்சப் புகையைச் சுத்தியடிச்சு வெளிய உட்டுப்போடும்... சிங்காநல்லூரில் பம்ப் ஷாஃப்ட் கடைகிற பட்டறை வைத்திருக்கிற மனுஷனுக்கு உலகத்தில் எல்லாமே பம்ப் மாதிரிதான். அன்றைக்கு அவள் தலையைத் தூக்கவில்லை, தோசை தீய்ந்துவிடும் என்று திருப்பிப் போட்டாள், அவரும் கேட்கிறாளா என்று பார்க்காமல் சொல்லி முடித்துவிட்டுப் போனார். கேட்டுத்தான் இருந்திருக்கிறாள். இந்தக் காது எதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொள்கிறது பார்.

இந்தப் பழைய காரை அவர் மாமாவிடமிருந்து வாங்கி, அந்தச் சின்னச் சக்கரத்தை, டர்போ என்பார்கள், முக்கால்வாசி தன் கையாலேயே பூட்டினார், நாலு வருஷம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. இந்த ஆட்டம் இப்போது வந்ததுதான். ஆட்டம் வந்த நாளிலிருந்து அவர் தூங்குகிறாரா என்றே சந்தேகம். காற்று போகிற குழாயெல்லாம் கழற்றிச் சோப்புத் தண்ணீர் அடித்துப் பார்த்தார், எங்கும் குமிழி வரவில்லை. கிளாம்ப் எல்லாம் புதிது. கதவை இழுக்கிற ஸ்பிரிங்கை மாற்றினார், அதற்கும் அடங்கவில்லை. பாய் வந்து ஒரு ரப்பர் டியூபை வாயில் வைத்து ஊதிப் பார்த்துவிட்டு, எனக்கென்னமோ யாரோ கண்ணு வெச்சுட்டாங்க மாப்ளே என்று எலுமிச்சம்பழம் வாங்கி வந்து டயருக்கு அடியில் வைத்தார், மனுஷர் தொழுகைக்குப் போகிற வழியில் வாங்கினாராம். அதற்கும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் ராத்திரிச் சோற்றின்போது, தலை நிமிராமல், வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா குடுத்தர்றேன் என்றார். யாருக்கு என்று கேட்டாள். மேட்டுப்பாளையத்துப் பாக்கு மண்டிக்காரர் மகன் மிதுனுக்கு. அந்தப் பையன் இன்றைக்கு மத்தியானம் வந்து கட்டி இழுத்துப் போய்விடுவான், எஞ்சினையும் டர்போவையும் பிரித்துத் தன் வண்டியில் மாட்டிக்கொள்வான், மிச்சம் எடைக்குப் போகும்.

நல்லதுதானே, நீ கேட்டது அதுதானே லோகா... கேட்டாளா? புரட்டாசியில் ஒரு நாள் கோபத்தில் ஒரு வார்த்தை விழுந்தது உண்மை. தேஜாவின் பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம், அவள் வேலை பார்க்கிற நூல் மில்லில் பர்மிஷன் போட்டுவிட்டு ஓடினாள், இவர் வந்துவிடுகிறேன் என்றவர் வரவே இல்லை, போய்ப் பார்த்தால் வண்டிக்கு அடியில் இரண்டு கால் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலைப் பார்த்துத்தான் சொன்னாள், முகத்தைப் பார்த்து அவளுக்கும் சொல்ல வந்திருக்காது, இந்த வண்டி இருக்கற வரைக்கும் இந்த ஊட்டுல நான் ரெண்டாவது ஆளுதானுங்க என்று. கால் அசையவில்லை. பதிலும் வரவில்லை. பதில் சொல்லாத மனுஷனோடு சண்டை போடுவது சுவரில் பந்தடிக்கிற மாதிரி, நம் பந்து நமக்கே வரும், அன்றைக்கு ராத்திரி முழுக்க அவளுக்கே வந்துகொண்டிருந்தது.

“திரும்பிப் போய் இன்னொருக்கா ஓட்டலாமா?” என்றார். ஓட்டினார்கள். அதே ஆட்டம், பத்து, ஆறு, பத்து, ஆறு. இந்தத் தடவை அவள் கத்தவில்லை, கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கேயோ பார்த்த கோடு, எங்கேயோ என்ன எங்கேயோ, தினமும் பார்க்கிற கோடு. மில் லேபில் நூலை ஒரு சந்துக்குள் ஓட விட்டால் எங்கே தடிமன் எங்கே மெலிசு என்று இப்படித்தான் கோடு போட்டுக் காட்டும். கண்டபடி குதித்தால் பஞ்சில் குறை. ஒரே அளவில் அலை அலையாக வந்தால் பஞ்சைக் குற்றம் சொல்லாதே, ஏதோ ஒரு உருளை, ஒரே ஒரு உருளை, சுற்றுக்கு ஒரு தரம் இடறுகிறது என்று அர்த்தம். புதிதாகச் சேருகிற பெண்களுக்கு அவள் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இது. அப்படியானால் இது குழாயில் ஓட்டை இல்லை, ஓட்டை இருந்தால் கோடு ஏறாமல் படுத்துக்கொள்ளும், இப்படி அளந்து ஆடாது. கதவு திறக்கிறது, ஆனால் நேரம் கழித்துத் திறக்கிறது, மூடுகிறது, அதுவும் நேரம் கழித்து. சொன்னது போய்ச் சேர்வதற்குள் அடுத்த பேச்சு வந்துவிடுகிறது. வேண்டுமென்று யாரும் செய்யவில்லை, நடுவில் எங்கேயோ ஒரு தாமதம்... இது வண்டியைப் பற்றியா யோசிக்கிறாய் லோகா என்று தனக்குள்ளே கேட்டுச் சிரித்துக்கொண்டாள், என்ன சிரிக்கறே என்றார், ஒண்ணுமில்லீங்க, இது லீக் இல்லீங்க, என்னமோ ஒண்ணு மெதுவா வேலை செய்யுதுங்க என்றாள். அவர் அவளைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே, பெண் பார்க்க வந்தபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

பைபாஸ் ஓரத்து பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினார். எஞ்சின் சூடு ஆறட்டும் என்று பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு, “டீ சொல்லிட்டு வாரேன், உனக்குச் சக்கரை கம்மிதான?” என்று போனார். அவள் இறங்கிக் காலை உதறிக்கொண்டு, சும்மாதான், உள்ளே எட்டிப் பார்த்தாள். குழாயும் ஒயருமாக, எல்லாம் எண்ணெய் படிந்து கறுப்பு, நடுவில் எங்கே பார்த்தாலும் அவருடைய கை, ஒவ்வொரு ஒயரையும் நூல் கட்டுகிற மாதிரிக் கட்டி ஒழுங்காக... அப்புறம் அதைப் பார்த்தாள். பின் பக்கச் சுவரோரம், வெக்கை அதிகம் படாத மூலையில், விரல் அளவில் வால்வு ஒன்று, அதன் முனையில் குண்டுமணியைப் பெரிதாக்கியது போல ஒரு பித்தளைக் குமிழ், குமிழ் முழுக்க மஞ்சளாகச் சந்தனம், சந்தனத்துக்கு நடுவில் அழகாகக் குங்குமம். காய்ந்து, கெட்டிப்பட்டு, ஒரு துணுக்குகூட உதிராமல் அப்படியே உட்கார்ந்திருந்தது அவள் வைத்த பொட்டு.

ஐயோ. ஐயோ ஐயோ. ஆயுத பூஜை. பானெட்டைத் திறந்து வைத்து, துடைத்து, மாலை போட்டு, தேஜா சந்தனக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்க, அவர் ஒவ்வொன்றின் பெயரையும் குழந்தைக்குச் சொல்லிக்கொண்டே வந்தார், அவர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்தாள், பேட்டரிக்கு, ரேடியேட்டருக்கு, டர்போவுக்கு. அந்த ரெண்டாவது ஆள் வார்த்தையைச் சொல்லி அப்போது கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, மன்னிச்சுக்குங்க என்று சொல்ல வாய் வரவில்லை, அதற்குப் பதிலாகத்தான் ஒன்று விடாமல் பொட்டு வைத்தாள், அத்தனை அக்கறையாகத் தன் வீட்டு பீரோவுக்குக்கூட வைத்ததில்லை. இது என்னங்க என்று அந்தக் குமிழைக் காட்டிக் கேட்டது அவள்தான். அதுவா, அந்தக் கதவுக்கு எப்பத் தொறக்கோணும் எப்ப மூடோணும்னு காத்தை அனுப்பிச் சொல்ற வால்வு இது, சொல்லி முடிச்ச காத்து அந்தக் குமிழ் வழியா வெளிய போகும், அது மூச்சு விடற எடம் என்றார். பொடிப் பொடியாகத் துளை வைத்த பித்தளை. மூச்சு விடுகிற இடமா, அப்படியானால் மூக்கு, மூக்குத்தி போலவே இருக்கிறதே என்று அதற்கு மட்டும் பெரிதாக, நன்றாக அப்பி, குழைத்து... கேட்டுக்கொண்டே அப்பியிருக்கிறாள். மூச்சு விடுகிற இடம் என்று சொல்லும்போதே மூக்கை அடைத்திருக்கிறாள்.

இதில் கூத்து என்னவென்றால் மில் லேபில் பூஜைக்கு முந்தின நாள் சிவப்பு ஸ்டிக்கர் எழுதி ஒட்டுவதே அவள்தான், நூல் ஓடுகிற சந்தில் பொட்டு வைக்கக் கூடாது, தராசுத் தட்டில் பொட்டு வைக்கக் கூடாது என்று, ஒரு வருஷம் யாரோ பக்தியில் அந்தச் சந்துக்குள் குங்குமம் வைத்து மிஷின் ஒரு வாரம் படுத்துவிட்டது, அந்தப் பெண்ணை நிற்க வைத்து இவள் பேசிய பேச்சு என்ன! ஊருக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டினவள் தன் வீட்டு வண்டியின் மூக்கில் போய்... பூஜை லீவு முடிந்த வாரத்தில்தானே ஆட்டம் ஆரம்பித்தது, ஆமாம், அந்த வாரம்தான். அத்தனை ராத்திரியும் அவர் எழுந்து எழுந்து போய் டார்ச் அடித்துப் பார்த்தது, ஸ்பிரிங் மாற்றியது, பாய் எலுமிச்சம்பழம் வைத்தது... கண்ணு வைத்தது யார் என்று இப்போது தெரிந்துவிட்டது பாயண்ணா, வேறு யாருமில்லை, வீட்டுக்குள்ளேயே ஒரு மகராசி இருக்கிறாள்.

சொல்ல வேண்டும். சொல்லத்தானே வேண்டும்? பேக்கரி வாசலில் அவர் இரண்டு டீ கிளாஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறார், சட்டைக் காலரின் பின்புறம் கிரீஸ், எத்தனை தடவை துவைத்தாலும் அந்த இடம் போகாது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் இன்னும் இரண்டு மணி நேரம்தான். மிதுன் வந்துவிடுவான். வண்டி போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமையாக இருக்கும், மூவரும் உட்கார்ந்து கறிக்குழம்பு சாப்பிடலாம், தேஜாவை அப்பா எங்கே என்று யாராவது கேட்டால் வண்டிக்கடியில என்று சொல்ல வேண்டியதில்லை. அவள் எதுவும் செய்ய வேண்டாம், டீயைக் குடித்துவிட்டுப் பேசாமல் சீட்டில் உட்கார்ந்தால் போதும். எவ்வளவு சுலபம். இவ்வளவு சுலபமாக ஒரு காரியம் கைக்கு வந்தால் பயமாகத்தான் இருக்கிறது.

ஆனால் கொடுத்துவிடுகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் எப்படி இருக்கிறார் என்பதையும் பார்த்தாயிற்றே. பட்டறையிலிருந்து நேரத்தோடு வருகிறார், கை கால் கழுவிக்கொண்டு ஹாலில் உட்காருகிறார், டிவியில் என்ன ஓடினாலும் பார்க்கிறார், காபி கொடுத்தால் வாங்கிக்கொள்கிறார், நல்லாருக்குதுங்க என்று சொல்லாத குறைதான், சம்பந்தி வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி முழங்காலில் கையை வைத்துக்கொண்டு. அந்தக் கை என்ன செய்வதென்று தெரியாமல் சோபா ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டே இருக்கிறது. தேஜா ஒரு நாள் காதில் வந்து, அப்பாவுக்கு ஒடம்பு சரியில்லையாம்மா என்று கேட்டாள். முதலாவது ஆளாக இருப்பது இப்படித்தான் இருக்குமென்றால்... அந்த வண்டிக்கடியிலிருந்து எழுந்து கறுப்புக் கையோடு அடுப்படிக்குள் வந்து, அம்மணி இதைக் கேளேன் என்று என்னத்தையாவது சொல்லுவாரே, அந்த ஆள் எங்கே போனார்? அவரைத்தானே கட்டிக்கொண்டாள், இந்த விருந்தாளியை யார் கேட்டது? அவளுக்கு அவர் வேண்டும், கிரீஸோடு வேண்டும், தோசை தீய வேண்டும்.

டீ வந்தது. கிளாஸை வாங்கி ஒரு வாய் குடித்தாள், நாக்கைச் சுட்டது, சுட்ட வேகத்தில் சொல்லிவிட்டாள்.

“ஏனுங்க. அந்தக் குமிழ் அடைச்சிருக்குதுங்க. நான் வெச்ச சந்தனமுங்க. கழட்டுங்க அதை.”

அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஆற்றுவதை நிறுத்தாமல், “அது வேண்டாம் அம்மணி” என்றார்.

“வேண்டாம்னா? மூச்சு விடற எடம்னு நீங்கதானுங்க சொன்னீங்க. அது அடைச்சாக் கதவு எப்படிங்க சொன்ன நேரத்துக்குத் தொறக்கும்?”

“இல்லே... நீ வெச்ச பொட்டு” என்றார். அப்புறம் கிளாஸைப் பானெட் ஓரத்தில் வைத்துவிட்டு, அவளைப் பார்க்காமல், எஞ்சினுக்குச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். “மத்ததெல்லாம் ரெண்டே நாள்ல எண்ணெயும் சூடுமாப் பட்டு அழிஞ்சுபோச்சு. இது ஒண்ணுதான் நின்னுச்சு. அன்னைக்கு நீ பேச்சே இல்லாம இருந்தே, ஆனா ஒவ்வொண்ணாக் கேட்டுக் கேட்டு வெச்சே. அதைப் போயி நானே எப்படித் துடைக்கறது? உட்டுப்போட்டேன்.”

அவளுக்குக் கண் பொத்துக்கொண்டு வந்தது, பேக்கரியில் நாலு பேர் பார்க்கிறார்கள், பைபாஸ் தூசி என்று துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள். புரிந்திருக்கிறது. மன்னிச்சுக்குங்க என்று சொல்லாமல் சொன்னது இந்த மனுஷனுக்குப் புரிந்திருக்கிறது, புரிந்ததை ஒரு வார்த்தை சொல்லாமல், அதைச் சுற்றியிருக்கிற அத்தனையையும் கழற்றித் துடைத்து மாட்டிவிட்டு, அந்தக் குமிழை மட்டும் தொடாமல்... பைத்தியக்காரா என்று சொல்லத் தோன்றியது, “நல்ல ஆளுங்க நீங்க” என்றுதான் வந்தது. நகருங்க என்று அவரைத் தள்ளிவிட்டுத் தானே கையை விட்டாள். குமிழ் முதலில் வரவில்லை, பின்னால் இருந்து அவர் கை வந்து அவள் கைமேல் வைத்துத் திருப்பியது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, உள்ளங்கையில் விழுந்தது, சூடாக, மஞ்சளாக. அவள் அதைத் துடைக்கவில்லை, கைக்குட்டையில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். “புதுசு மாட்டற வரைக்கும் இது இல்லாமயே ஓடுமுங்களா?” “ஓடும், தூசி போகாமப் பாத்துக்கோணும், அவ்வளவுதான்” என்றார்.

மறுபடி பைபாஸ், மறுபடி மூன்றாவது கியர். மிதிக்கறேன் என்றார். இந்தத் தடவை அவளே கால் விரலை மடக்கிக்கொண்டு காத்திருந்தாள், மிதிங்க என்றாள், முதுகு போய் சீட்டில் ஒட்டியது, முனகல் விசிலாயிற்று, கோடு ஏறியது, ஐந்து, ஏழு, எட்டு... எட்டு. எட்டில் நின்றது. இன்னும் ஆடும், இப்போது ஆடும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறாள், எட்டிலேயே நிற்கிறது, சலனமில்லை, வண்டி ஒரே இழுப்பாகப் போகிறது, கழுத்து அசையவில்லை. நின்னுருச்சுங்க, நின்னுருச்சுங்க என்று கத்தினாள், லேப்டாப்பைத் தூக்கி அவர் முகத்துக்கு நேராகக் காட்டினாள், ரோட்டைப் பாக்க உடு புள்ளே என்று சிரித்தார். புள்ளே! கல்யாணமான புதிதில் கூப்பிட்டது, அப்புறம் எங்கேயோ தொலைந்து போயிருந்தது.

டேஷ்போர்டில் அவர் போன் அடித்தது. மிதுன். அவர் வேகத்தைக் குறைத்தாரே தவிர கையை நீட்டவில்லை, அடிக்கட்டும் என்கிற மாதிரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். அவள் எடுத்தாள்.

“தம்பி, அக்கா பேசறனுங்க. கெளம்பிட்டீங்களா? ... காரமடையா? அப்படியே திரும்பிப் போயிருங்க தம்பி. வண்டி சரியாயிருச்சுங்க, குடுக்கறதில்லீங்க. ... அண்ணன் ஓட்டிட்டிருக்காருங்க, பேச முடியாது. கோவிச்சுக்காதீங்க, ஒரு நாள் ஊட்டுக்குச் சாப்பிட வாங்க.” வைத்துவிட்டாள். யாரைக் கேட்டுச் சொன்னாய் லோகா? யாரையும் கேட்கவில்லை.

அவர் கியரை மாற்றினார். அப்புறம், “ஞாயித்துக்கெழமை மட்டும் பானெட்டைத் தொறக்க மாட்டேன்” என்றார். தொறக்காமல் இருக்க முடியுமா இவரால், அதையும் பார்க்கத்தானே போகிறோம், தொறங்க, ஆனா பெற்றோர் கூட்டம்னா கையைக் கழுவிட்டு வந்து நில்லுங்க என்றாள். செரிங்க மேடம் என்றார்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது, கோடு நேராக, ரோடு நேராக, மத்தியானத்துக்கு அரிசிம்பருப்புச் சாதம் போதுமா என்று யோசிக்கவே ஆரம்பித்துவிட்டாள், அப்போதுதான் அது வந்து உறுத்தியது. இந்த மனுஷன் ஏன் துள்ளவில்லை? ஒரு புஷ் தேய்ந்ததைக் கண்டுபிடித்தாலே பானெட்டைத் தட்டி, பாயைக் கூப்பிட்டுத் தெருவே கேட்கக் கத்துகிற ஆள். இத்தனை நாள் தூக்கத்தைக் கெடுத்த குறை ஒரு குமிழில் தீர்ந்திருக்கிறது, ஆச்சரியப்படவே இல்லையே. லேத்தில் ஷாஃப்ட் சுற்றும்போது ஒரு மயிரிழை ஆட்டத்தைக் காதாலேயே சொல்லுகிறவர், மூச்சு விடற எடம் என்று அவளுக்கே பாடம் எடுத்தவர், அந்த மூச்சு அடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்துதான்... தெரிந்துகொண்டேதான், ரெண்டாவது ஆள் என்று அவள் சொன்ன அந்த ஒரு வார்த்தைக்காக, துடைத்தால் தீர்ந்துவிடும் என்று தெரிந்தும் துடைக்காமல், பொட்டு நிற்கட்டும் வண்டி போகட்டும் என்று...

“ஏனுங்க, நெசமாலுமே உங்களுக்குத் தெரியாதுங்களா?”

“எது?”

“அந்தக் குமிழ்னாலதான்னு.”

“எனக்கெப்படி அம்மணி தெரியும்” என்றார், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவந்துவிடும், மாமியாருக்குக்கூடத் தெரியாது, அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். சட்டென்று திரும்பிக் காதைப் பார்த்தாள். காலை வெயில் பின் கண்ணாடி வழியாக வந்து நேராக அந்தக் காதில்தான் விழுந்துகொண்டிருந்தது, நரம்பு தெரிய, செக்கச்செவேல் என்று இருந்தது. வெயிலில் யார் காதும் அப்படித்தான் இருக்கும். வண்டி ஒரு வளைவில் திரும்பி நிழலுக்குள் போனால் தெரிந்துவிடும், பைபாஸில் அந்த இடத்தில் வளைவும் இல்லை, ஒரு மரமும் இல்லை.